அட்டையைத் திருப்பிய நாள்

நூலக மாடியில், ஜன்னலோரத்து நீள மேசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒருவர் மஞ்சள் அட்டை போட்ட வினா-விடைப் புத்தகத்தைப் பிரித்துக் கேள்வியை வாசிக்கத் தொடங்குவார். அவர் வாசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் ஏ, பி, சி, டி நான்கில் எது விடை என்று சொல்லிவிட வேண்டும். "இருநூற்று நாற்பது மீட்டர் நீளமுள்ள ஒரு ரயில்..." என்று அவர் மூச்சு வாங்குவதற்குள், "சி!" என்று மேசையே கத்தும். கீழேயிருந்து நூலகர் அம்மா மணியைத் தட்டி அடக்குவாள். அதிகம் முந்திக்கொண்டவருக்கு மற்றவர்கள் செலவில் டீ.

அந்த வாரம் டீ முழுவதையும் குடித்தவள் லென்ஸ்.

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் வேறு. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் கண் பார்த்து, லென்ஸ் தேர்ந்தெடுத்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுக்கும் வேலை அவளுக்கு. அதனால் மேசை அவளுக்கு வைத்த பெயர் லென்ஸ். மேசையில் மொத்தம் நாலு பேர். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா தங்கை இருவர், பள்ளி ஒன்றில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், பிறகு இவள். ஆய்வகக்காரருக்குக் கட்-ஆஃப் அண்ணன் என்று பெயர். எந்த ஆண்டு, எந்தத் தேர்வில், எந்த மதிப்பெண்ணோடு கதவு சாத்தப்பட்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"லென்ஸ், நீ ஆபீசர் ஆயாச்சு. பரீட்சை எழுதறதெல்லாம் சும்மா கையெழுத்துப் போட்டுட்டு வர்ற மாதிரிதான்," என்றார் அவர், டீயை அவள் பக்கம் நகர்த்தி.

"நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு! கேள்விய முழுசா கேக்காமலே!" என்றாள் தங்கை.

லென்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையில் அவளுக்கும் உள்ளே பறை கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

கொட்டாமல் என்ன செய்யும்? அந்த வருடம் அதிகாரிப் பதவிக்கும் எழுத்தர் பதவிக்கும் தேர்வு ஒரே நாளில் வைத்துவிட்டார்கள். பாடங்கள் இரண்டுக்கும் ஒன்றுதான். கேள்விகளின் கடுமையும் ஒன்றுதான். தேறுவதற்கு வேண்டிய மதிப்பெண்தான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இரண்டுக்கும் விண்ணப்பித்தவர்கள், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் இணையத்தில் ஏதாவது ஒன்றை உறுதி செய்துவிட வேண்டும். உறுதி செய்தபின் மாற்ற முடியாது. லென்ஸுக்கு வயது வரம்பின்படி இதுவே கடைசி வருடம். தப்பான பொத்தானை அழுத்தினால் இரண்டு கதவும் ஒரேயடியாகச் சாத்திக்கொள்ளும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

"இன்னிக்குத்தான அந்த பட்டன அமுக்கணும்?" என்று சமையலறையிலிருந்தே கேட்டாள் மாமியார்.

"ஆமா அத்தை. சாயந்திரம் கம்ப்யூட்டர் சென்டர்ல போய் அமுக்கிட்டு வந்துடறேன்."

"எத?"

"ஆபீசர்தான்."

"அதான பார்த்தேன். எதிர்வீட்டுல சொல்லியாச்சு. மாடி வீட்டுல சொல்லியாச்சு. தையல்காரம்மா அவங்களா கேட்டாங்க. கேட்டா சொல்லாம இருக்க முடியுமா?"

ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டும் கணவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே சிரித்தான். "அம்மா, பரீட்சை எழுதப் போறவள விட நீ அதிகமா உழைக்கிற."

"நீ பேசாத. உனக்குப் பத்தாங்கிளாஸ் ரிசல்ட் வந்தப்ப நான் எந்த வீட்டுக்கும் போக முடியாமப் போச்சு. அந்தக் கடனெல்லாம் இவதான் தீர்க்கணும்."

லென்ஸ் சிரித்தபடி படியிறங்கினாள். அன்றைக்குத் தெருவே அவளுக்கு வழிவிட்ட மாதிரி இருந்தது.

கடை ஒடுக்கமானது. இரண்டு பக்கமும் கண்ணாடிச் சுவர், அதன்மேல் வரிசையாக ஃபிரேம்கள். கடைசியில் ஒரு திரை. அதற்குப் பின்னால் கண் பார்க்கும் நாற்காலி. எழுத்து அட்டையை நாற்காலியிலிருந்து போதிய தூரத்தில் மாட்ட உள்ளே இடமில்லை. ஆகையால் திரையை விலக்கிவிட்டு, வாசல் பக்கத்துச் சுவரில் அட்டையை மாட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே காத்திருப்போர் பெஞ்சு. இதில் ஒரு கோளாறு உண்டு. தன் முறைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பொழுது போவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அட்டையைப் படிப்பார்கள். நாற்காலிக்கு வரும்போது பாதிப்பேருக்கு அது பாடமாகியிருக்கும்.

இது லென்ஸுக்கு நன்றாகத் தெரியும். அட்டையின் பின்பக்கத்தில் எழுத்துகளுக்குப் பதில் எண்கள் இருக்கும். ஆள் கொஞ்சம் வேகமாகப் படிக்கிறார் என்று தோன்றினால் சத்தமில்லாமல் போய்த் திருப்பிவிட்டு வருவாள். கடை முதலாளியம்மா இதற்காகவே அவளைப் பற்றி எல்லோரிடமும் பெருமை பேசுவாள்.

அன்று பதினோரு மணிவாக்கில் டவுன் பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சான்று வேண்டும். ஆள் வாட்டசாட்டம், நாற்காலியில் உட்கார்ந்த விதமே ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"இடது கண்ண மூடிக்கோங்க அண்ணே. மேலேருந்து படிங்க."

அவர் படித்தார். நிறுத்தம் இல்லை, திணறல் இல்லை. கடைசிப் பொடி வரிவரை ஒரே ஓட்டம். லென்ஸுக்குச் சந்தேகம் தட்டியது. "அண்ணே, கண்ண மூடி ரெஸ்ட் குடுங்க," என்று சொல்லிவிட்டுப் போய் அட்டையைத் திருப்பினாள். திரும்பி வந்து, "இப்ப வலது கண்ண மூடிக்கிட்டு, மூணாவது வரி படிங்க," என்றாள்.

"ம, ட, வ, ல, ப," என்றார் டிரைவர் கம்பீரமாக.

பெஞ்சில் இருந்த அம்மாள் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"நாலாவது வரி?"

"க, ந, த, ர, ச, ய."

"அண்ணே," என்றாள் லென்ஸ், "அங்க இருக்கறது முழுக்க நம்பர்."

டிரைவர் இரண்டு கண்ணையும் திறந்து, கழுத்தை நீட்டி, சுவரைப் பார்த்தார். "நம்பரா? நேத்து எழுத்தால்ல இருந்துச்சு?"

"நேத்து வந்தீங்களா?"

"வந்தேன். உள்ள வரல. சும்மா பெஞ்சுல கொஞ்ச நேரம்... ஒரு பழக்கத்துக்கு." பெஞ்சு முழுவதும் சிரிக்க, அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரிம்மா, விடு. நான் சொன்னதுல ஒண்ணாவது தப்பா? அத மட்டும் சொல்லு."

"ஒண்ணுகூடத் தப்பில்ல அண்ணே. முன்பக்கத்து எழுத்து எல்லாமே சரி. ஆனா நீங்க எதையுமே பாக்கலயே!"

சொன்ன வாய் அப்படியே நின்றது. கையிலிருந்த லென்ஸ் பெட்டியை அவள் மேசைமேல் வைத்தாள். இருநூற்று நாற்பது மீட்டர் நீளமுள்ள ஒரு ரயில். சி. அந்த ரயில் எந்த வேகத்தில் போயிற்று? எந்தப் பாலத்தைக் கடந்தது? அவளுக்குத் தெரியவில்லை. 'சி' மட்டும்தான் தெரிந்தது.

மஞ்சள் புத்தகத்தில் பத்து மாதிரித் தேர்வுகள். மேசை அதை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது; மறுபடி முடித்தது; மறுபடி ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் மதிப்பெண் ஏறியது. ஏறியதைப் பார்த்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். கடையில் தினமும் அட்டையைத் திருப்பத் தெரிந்தவளுக்குத் தன் மேசையில் அது தோன்றவேயில்லை.

டிரைவருக்கு அவள் சரியாகக் கண் பார்த்தாள். கையிருப்பில் இருந்த லென்ஸே பொருந்திற்று. ஃபிரேமில் ஏற்றி மூக்கில் வைத்ததும் அவர் வாசலுக்குப் போனார். போனவர் அங்கிருந்தே கத்தினார்: "ஏம்மா! எதிர்க்கடை போர்டுல போன் நம்பர்கூட இருக்கு! அட, மரத்துல இலையெல்லாம் தனித்தனியா இருக்கே! இவ்வளவு நாளா பச்சையா ஒரு மூட்டைன்னுல்ல நினைச்சேன்!"

அந்தக் கூச்சலைக் கேட்டதும் லென்ஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அம்மா, எனக்கு மத்தியானம் லீவு வேணும்," என்றாள் முதலாளியம்மாவிடம்.

"எதுக்கு?"

"என் கண்ண டெஸ்ட் பண்ணணும்."

"கண்ணாடிக் கடையில வேலை பாத்துக்கிட்டு வெளிய போய் டெஸ்ட்டா? நம்ம கடை பேரு என்னாகறது?" முதலாளியம்மாவுக்கு விஷயம் புரியவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்துவிட்டு, போ என்று கையை ஆட்டினாள்.

நூலகத்துக்குள் நுழைந்ததும் நூலகர் அம்மாவிடம் கேட்டாள்: இதே பாடத்தில், மஞ்சள் புத்தகத்தில் இல்லாத, யாரும் தொடாத பழைய வினாத்தாள் ஏதாவது உண்டா? அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கி யோசித்து, பின் அறைக்குப் போய், தூசி தட்டி ஒரு கட்டைக் கொண்டுவந்தாள். வேறொரு துறை சில வருடங்களுக்கு முன் நடத்திய தேர்வு. கடுமையும் அதே அளவு. கட்டின் நூல்கூட அவிழாமல் இருந்தது. "இத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. எல்லாரும் மஞ்சளத்தான் கேப்பாங்க."

மேசையில் மூன்று பேரும் இருந்தார்கள். கடைசி நாளென்று எல்லோருமே லீவு போட்டு வந்திருந்தார்கள். லென்ஸ் உட்காராமலே மஞ்சள் புத்தகத்தைப் பிரித்தாள்.

"நூற்றெண்பது மீட்டர் நீளமுள்ள ஒரு ரயில்..."

"சி!"

"நான் ரயில் நீளத்த மாத்திட்டேன்."

மூவரும் அவளைப் பார்த்தார்கள். "அதுக்கென்ன, ரயில் ரயில்தான்," என்றார் கட்-ஆஃப் அண்ணன். சொல்லி முடித்தபோதே அவர் குரல் இறங்கிவிட்டது. ஆய்வகத்தில் அளந்து பார்த்துப் பழகியவர். அதிகம் சொல்லத் தேவையிருக்கவில்லை. லென்ஸ் பழைய வினாத்தாள் கட்டை மேசைமேல் வைத்தாள்.

"இப்ப போய் இதெல்லாம் எதுக்குக்கா?" என்றாள் தங்கை, அழாக்குறையாக. "இன்னும் கொஞ்ச நேரத்துல பட்டன அமுக்கணும். மனச ஒடைக்காதீங்க."

"அமுக்கறதுக்கு முன்னாடி ஒடஞ்சா ஒட்டிக்கலாம்டி. அமுக்கினப்புறம் ஒடஞ்சா?"

கட்டை அவிழ்த்தார்கள். ஆளுக்கொரு தாள். நூலகர் அம்மா தானே மேசை மணியை மேலே எடுத்து வந்து, தேர்வு அறைக் கண்காணிப்பாளர் மாதிரி நின்று, "ம், ஆரம்பிங்க," என்று ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்த இரண்டு மணி நேரமும் யாரும் கத்தவில்லை. பேனா ஓடுவதும் நிற்பதும்தான் கேட்டது. முதல் பக்கத்தை லென்ஸ் இரண்டு தடவை படித்தாள். கேள்விகள் ஒன்றும் தெரிந்த முகம் காட்டவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு கணக்கு. அதுவும் ரயில்தான், வேறு ரயில். அவள் ஓரத்தில் போட்டுப் பார்த்தாள், அடித்தாள், மறுபடி போட்டாள். விடை வந்தது. உண்மையாகவே வந்தது! எதிர்க்கடை போர்டில் போன் நம்பர் தெரிந்த டிரைவர் மாதிரி அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

மணி அடித்தது. தாள்களை மாற்றிக்கொண்டு, கட்டோடு இருந்த விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினார்கள். லென்ஸுக்கு ஐம்பத்தெட்டு. கட்-ஆஃப் அண்ணனுக்கு அறுபத்தாறு. சகோதரிகள் இருவருக்கும் ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு.

தொண்ணூற்று மூன்று எங்கே, ஐம்பத்தெட்டு எங்கே! அக்காக்காரி தாளைக் கவிழ்த்து வைத்தாள். தங்கை மூக்கை உறிஞ்சினாள். லென்ஸ் தன் தாளைக் கட்-ஆஃப் அண்ணன் பக்கம் நகர்த்தினாள்.

"அண்ணே, ஆபீசருக்கு எவ்வளவு வேணும்?"

"எம்பதுக்குக் கீழ அந்தக் கதவு திறந்ததே இல்ல."

"குமாஸ்தாவுக்கு?"

"போன தடவ அம்பத்தொம்பது. அதுக்கு முந்தி அம்பத்தேழு. அதிகபட்சமே அறுபத்தொண்ணுதான்..." அவர் பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தார். "ஏய், லென்ஸ்!"

"பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கு. அம்பத்தெட்ட எம்பதாக்க முடியுமா?"

"ராக்கெட் வச்சாத்தான் உண்டு."

"கண்ணாடியும் அப்படித்தான் அண்ணே. பவர ஒரேயடியா ஏத்தினா தலை சுத்திக் கீழ விழுவாங்க. கால் கால் பவராத்தான் ஏத்தணும். அம்பத்தெட்ட அறுபத்திரண்டு, அறுபத்தஞ்சு ஆக்கலாம். அது என்னால முடியும்! நிஜமாவே முடியும்!" அவள் குரல் உயர்ந்தது. கீழே வைக்க மறந்த மணியை நூலகர் அம்மா ஒரு தட்டுத் தட்டினாள்.

"அப்ப நாங்களும் குமாஸ்தாதான்," என்றார்கள் சகோதரிகள்.

"எனக்கு வயசு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு," என்றார் கட்-ஆஃப் அண்ணன். "நான் ஆபீசரையே எழுதிப் பாக்கறேன். இந்தத் தடவ கெடைக்காது. தெரிஞ்சே போறேன். எழுபதத் தாண்டினா அது எனக்குப் பட்டாபிஷேகம்." இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தைகள் அவை. சகோதரிகளும் அவரும் அங்கேயே தங்கள் போனில் உறுதி செய்யத் தொடங்கினார்கள்.

லென்ஸின் போனில் அந்தப் பக்கம் திறக்கவேயில்லை. காலையில் சொன்னபடி கம்ப்யூட்டர் சென்டருக்குத்தான் போயாக வேண்டும். மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. படிகளில் தடதடவென்று இறங்கித் தெருவுக்கு ஓடினாள். பஸ் நிறுத்தம் இன்னும் தள்ளி இருந்தது. ஆனால் எதிரே வந்த பஸ் அவள் அருகே தானாக நின்றது.

"ஏறும்மா!" காலையில் வந்த டிரைவர், மூக்கில் புதுக் கண்ணாடியோடு. "தெருமுனையிலேருந்தே நீதான்னு தெரிஞ்சிருச்சு! முகம் தெரியுது, சட்டைப் பொத்தான் தெரியுது, எல்லாம் தெரியுது! எங்க இவ்வளவு அவசரம்?"

"கம்ப்யூட்டர் சென்டர் அண்ணே. ஆறு மணிக்குள்ள பரீட்சைக்குப் பேர் உறுதி பண்ணணும்."

"பரீட்சையா? பாத்து. அட்டைய மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடாத!" என்றார் அவர். பஸ்ஸில் யாருக்கும் புரியவில்லை. லென்ஸ் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு முன்னால் நல்ல கூட்டம். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவர் பொத்தானும் அழுந்தும்போது கூட்டமே பெருமூச்சு விட்டது. அவள் முறை வந்தபோது ஆறாக இன்னும் சில நிமிடங்களே இருந்தன. இரண்டு கட்டம். மேலே அதிகாரி, கீழே எழுத்தர்.

போன் அடித்தது. கணவன். "என்ன ஆபீசர் மேடம், அமுக்கியாச்சா?"

"அமுக்கப் போறேன். குமாஸ்தா."

அவன் வேனை ஓரங்கட்டி நிறுத்துவது கேட்டது. பிறகு, "நல்லா யோசிச்சியா?"

"யோசிக்கல. அளந்தேன்."

"அப்ப அமுக்கு. அம்மாகிட்ட நீயே சொல்லிடு. நான் இன்னிக்கு லேட்டா வர்றேன்."

அவள் அழுத்தினாள். சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றது. 'எழுத்தர் தேர்வு உறுதி செய்யப்பட்டது.' பின்னால் நின்றிருந்த முன்பின் தெரியாதவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

வீட்டில் மாமியார் அவளை நிற்க வைத்தே கேட்டாள். "குமாஸ்தாவா? நான் மூணு வீட்டுல ஆபீசர்னு சொல்லி வச்சிருக்கேனே!"

"மூணு வீடுதான அத்தை. மெதுவா எறக்கிக்கலாம்."

"எவ்வளவு மார்க் வாங்குவ?"

"அறுபத்திரண்டுலேருந்து அறுபத்தஞ்சுக்குள்ள."

"இதெல்லாம் வெளியில சொல்ற மார்க்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மாமியார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், படித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் டீயைக் கொண்டுவந்து டங்கென்று வைத்தாள். "அறுபத்தஞ்சாவது வாங்கு," என்றாள்.

அடுத்த ஆறு வாரமும் மேசையின் வழக்கம் மாறியது. புதுப்புதுத் தாள், சத்தம் கிடையாது, அதிகம் முந்திக்கொண்டவருக்கு அல்ல, தன் மதிப்பெண்ணை முன்கூட்டியே சரியாகச் சொன்னவருக்கு டீ. இந்தப் போட்டி அவர்களை முந்தையதைவிடப் பித்துப் பிடிக்க வைத்தது. "அறுபதுன்னு சொல்லிட்டு அறுபத்தஞ்சு வாங்கறியா? டீ கெடையாது, போ!" என்று கட்-ஆஃப் அண்ணன் தங்கையோடு சண்டைக்கு நின்றார்.

தேர்வு வந்தது, போயிற்று. முடிவு ஒரு நண்பகலில், கடையில் கூட்டமாக இருந்தபோது வந்தது. லென்ஸ் ஒருவருக்கு ஃபிரேம் சரிசெய்துகொண்டிருந்தாள். முதலாளியம்மா மேசைமேல் ஒலித்த அவள் போனை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, உரக்க வாசித்தாள்: "தேறும் மதிப்பெண் அறுபத்தொண்ணு. உனக்கு... அறுபத்தி நாலு!" பெஞ்சிலிருந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். கையில் ஸ்குரூ டிரைவரோடு லென்ஸ் குதித்த குதியில் சுவரிலிருந்த அட்டை ஆடியது.

நூலகத்துக்கு ஓடினாள். தங்கைக்கும் கிடைத்துவிட்டது. அக்காக்காரிக்கு இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. கண் கலங்கியிருந்தாலும் அடுத்த தாளைக் கையில் வைத்திருந்தாள். நடுவில் கட்-ஆஃப் அண்ணன் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார். "எழுபத்தொண்ணு! எழுபதத் தாண்டிட்டேன்! லென்ஸ், எழுபத்தொண்ணு!"

"ஃபெயிலானவர் ஆடற ஆட்டத்தப் பாரு," என்று நூலகர் அம்மா மணியைத் தட்ட மறந்து சிரித்தாள்.

அன்று மாலை லென்ஸ் வீடு திரும்பியபோது மாமியார் வீட்டில் இல்லை. எதிர்வீட்டு வாசலிலிருந்து அவள் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"என்ன, மருமக ஆபீசர் ஆயாச்சா?" என்று அந்த வீட்டுக்காரி கொஞ்சம் கிண்டலாகத்தான் கேட்டாள்.

"ஆபீசர் இல்ல. குமாஸ்தா." மாமியார் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். "எவ்வளவு வாங்குவேன்னு முன்னாடியே சொன்னா பாருங்க, அதையே வாங்கிட்டு வந்து நிக்கிறா. உங்க வீட்டுல யாராவது என்னிக்காவது சொன்ன மார்க்க வாங்கியிருக்காங்களா?"

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. மாடி வீடும் தையல்காரம்மா வீடும் இன்னும் பாக்கி இருந்தன.